எங்கள் மில்லிலிருந்து போன மந்திரி

எங்கள் மில்லில் இடுக்கி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் நேபாளத்தில் மந்திரி ஆனார். நாட்டுக்கு மந்திரி இல்லை, மாகாணத்துக்கு. அங்கே மொத்தம் ஏழு மாகாணம். மேற்கே மலைப்பக்கம் இருக்கும் ஒன்றில் தொழிலாளர் துறைக்கு இணை மந்திரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இதை இன்றைக்குச் சொன்னாலும் பாதிப் பேர் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடியாது. அவர் மேலே போனதிலும் எனக்குப் பங்கு இருக்கிறது, கீழே வந்ததிலும் இருக்கிறது.

நான் அந்த மில்லின் டைம் ஆபீஸில் கிளார்க். யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று எழுதி வைப்பதுதான் என் வேலை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள். அந்த நிலங்களில் சில இன்றைக்கு எங்கள் தொழிற்பேட்டைக்குள் இருக்கின்றன. நான் பி.காம். முடித்ததும் எங்கள் சர்ச் ஃபாதர் யாரிடமோ சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். ஜன்னல் ஓரம் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, தடித்த வருகைப் பதிவேடு. எங்கள் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் பெண் நான்தான். அதனால் அந்த நாற்காலியை விட்டுவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

எங்களுடையது கட்டடக் கம்பி செய்யும் மில். சூளையிலிருந்து பழுக்கக் காய்ந்து வரும் இரும்புக் கட்டையை உருளைகளுக்கு நடுவே மறுபடி மறுபடி விட்டு மெலிதாக்குவார்கள். ஒவ்வோர் உருளைக்குப் பக்கத்திலும் ஒருவர் நீள இடுக்கியோடு நிற்பார். வெளியே வரும் சிவந்த கம்பியை முனையில் பிடித்து, திருப்பி, அடுத்த துளையில் நுழைக்க வேண்டும். கம்பி நமக்காக நிற்காது. நாம்தான் அதற்காக நிற்க வேண்டும்.

அவர் அந்த வேலைக்கு வந்தவர். அதற்கு முன்னால் சென்னையில் ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவி, பிறகு மாவு பிசைந்து, அங்கேயே தமிழ் கற்றுக்கொண்டவர். மில்லில் எல்லோரும் அவரைக் கூர்க்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள்கூட அவர் காவல் வேலை பார்த்ததில்லை. அவருடைய சொந்தப் பெயரைத் தினமும் எழுதியவள் நான் ஒருத்திதான்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியவந்தது ஒரு தண்ணீர்ச் சண்டையில். காண்டிராக்ட் ஆட்களுக்குக் குடிதண்ணீர் ஒரு இரும்பு டிரம்மில் இருந்தது. அந்த டிரம் சித்திரை வெயிலில் வெளியே கிடந்தது. ஒரு நாள் அவர் ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நான் கையெழுத்துக்காக அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாய்யா இது?" என்றார் மேனேஜர்.

"நாங்க குடிக்கிற தண்ணி சார். சூடா கீது. டீத்தூள் போட்டா டீயே ஆயிடும். நீங்க ஒரு வாய் குடிச்சுட்டு நல்லா கீதுன்னு சொன்னா, நான் போய் இடுக்கி புடிக்கிறேன்."

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மேனேஜர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நிழலில் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. அதற்குப் பிறகு ஒடிசாக்காரர்கள், பீகார்காரர்கள், எங்கள் ஊர் ஆட்கள் எல்லோருமே ஏதாவது ஒன்று என்றால் அவரைத்தான் முன்னே தள்ளினார்கள். என் ஜன்னலுக்கு வந்தும் சண்டை போடுவார். "இன்னாக்கா, கால் மணி லேட்டுக்கு அரை நாள் வெட்டுறியே, இது நாயமா?" என்பார். பாதி நேரம் நான் திருத்தி எழுதிவிடுவேன்.

அவர் மனைவி எங்கள் கேன்டீனில் பாத்திரம் தேய்த்தாள். மில்லுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை வீட்டில் அவர்கள் இருந்தார்கள். குழந்தை இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவளுடைய தம்பியும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். நல்ல உயரம், அதிகம் பேசமாட்டார். மச்சானுக்கு அவர்தான் இடுக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மதியம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் தம்பியின் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். அவர் பொய்க் கோபத்தோடு பார்ப்பார்.

சென்னையில் பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த வருடம் அந்த விபத்து நடந்தது. காலையில், நாஷ்டா முடிந்து எல்லோரும் இடத்துக்குத் திரும்பிய நேரம். கம்பி உருளைக்குள் நுழையாமல் முட்டித் திமிறி மேலே எழும்பியது. அப்படி எப்போதாவது நடக்கும். சத்தம் கேட்டதும் ஆட்கள் பின்னால் பாய்ந்துவிடுவார்கள். அன்றைக்கு மச்சானுக்குப் பின்னால் போக இடமில்லை. முந்தின ஷிப்டில் வெட்டிய துண்டுகளை யாரோ அங்கேயே குவித்து வைத்திருந்தார்கள். எழும்பிய கம்பி அவரைச் சுற்றி விழுந்தது.

நான் அதைப் பார்க்கவில்லை. கூச்சலைக் கேட்டேன். ஜன்னல் வழியாக நான்கு பேர் ஒரு தகரத்தின் மேல் எதையோ தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். பின்னாலேயே அவர் ஓடினார். கையில் இன்னும் இடுக்கி இருந்தது. அதைக் கீழே போட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி போவதற்குள்ளேயே உயிர் போய்விட்டது.

ஒரு மணி நேரத்தில் காண்டிராக்டர் என் மேஜைக்கு வந்தார். ஆட்களைக் கொண்டுவந்து மில்லில் விடுபவர் அவர். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்த ஊர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"ஏம்மா, இன்னிக்கி அவன் பேருக்கு நேரா இன்னா போட்ருக்க?"

"பி போட்டிருக்கேன் சார். காலைல ஆறு மணிக்கே வந்துட்டாரு."

"அத ஏ ஆக்கிடு."

'பி' என்றால் வந்தார், 'ஏ' என்றால் வரவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி அவரைப் பார்த்தேன்.

"அவன் டூட்டில இல்ல. மாமனைப் பாக்க உள்ள வந்தான். வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்லக் கிட்ட போய்ட்டான். புரியுதா? டூட்டில செத்தான்னு வந்தா மில்லயே மூடுவாங்க. உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. மேல பேசியாச்சும்மா. நீ பேஜார் பண்ணாத."

என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது அதற்குப் பிறகுதான். மகள் இங்கிலீஷ் ஸ்கூலில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நான் அந்த நிமிஷத்தில் யோசித்தேனா என்று தெரியவில்லை. யோசித்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதத்தின் பக்கத்தை எடுத்துவிட்டு, புதுத் தாளில் அத்தனை பேருக்கும் முதல் தேதியிலிருந்து திரும்ப எழுதினேன். மச்சான் பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் 'ஏ' என்று போட்டேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். சட்டையெல்லாம் கறை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, காலைல அவன் வந்தத நீ பாத்த இல்ல?"

நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியல. இதுல வரலைன்னுதான் இருக்கு" என்றேன்.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் உடலை ஒரு ஆம்புலன்ஸில் ஏற்றி, புருஷனும் பெண்டாட்டியும் கூடவே போனார்கள். எல்லை வரைக்கும் போகவே மூன்று நாளுக்கு மேல் ஆனது, அதற்குப் பிறகு மலைப்பாதையில் தோளில் சுமந்துகொண்டு போனார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் திரும்பி வரவில்லை. அந்தத் தகர வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

ஒரு வருடம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான்தான். கூர்க்கா."

தன்னை அவரே அப்படிச் சொல்லிக்கொண்டது எனக்குச் சுருக்கென்றது. ஊரில் வார்டு தேர்தலில் நின்று தலைவராகிவிட்டேன் என்றார். மச்சானை ஆற்றங்கரையில் எரித்த அன்றைக்கு அங்கே கூடியிருந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னாராம். இவ்வளவு நேரம் இவ்வளவு நன்றாகப் பேசத் தனக்கு வரும் என்று அதற்கு முன்னால் அவருக்கே தெரியாதாம். அந்த மலைக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராவது இந்தியாவில் இருக்கிறார். அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் வந்து எங்கள் ஊரிலும் பேசு என்று கூப்பிட்டார்கள். மனைவியும் கூடவே போனாள். அவர் பேசி முடித்ததும் அவள் எழுந்து தம்பியின் போட்டோவை எல்லோருக்கும் காட்டுவாள். தேர்தல் வந்தபோது ஒரு கட்சி தானாகத் தேடி வந்தது.

"என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம ஆளுங்க பேரை அவங்க அழிச்சுடுவாங்கன்னு பேசுவேன். உயிரோட இருந்தாலும் பேர் இல்ல, செத்தாலும் பேர் இல்லன்னு."

என்னைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன். ஆனால் அவர் குரலில் குத்தல் இல்லை. எதற்காக போன் செய்தார் என்று அடுத்துச் சொன்னார். அவர் ஊர் ஆள் ஒருவர் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் காய்ச்சலோடு கிடக்கிறாராம். "நீ போய்ப் பாக்க முடியுமா அக்கா? அங்க எனக்கு வேற யாரையும் தெரியாது."

போனேன். அந்த ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு போன் வரும். ஊரோடு பேசுவதை நிறுத்திவிட்ட ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். திருநின்றவூரில் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டில் கால் உடைந்த ஒருவரை ரயில் ஏற்றிவிட வேண்டும். கொரோனா சமயத்தில் ஒரு லாரி ஷெட்டில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அரிசி சேர்க்க வேண்டும். என் கணவர், "உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" என்று கேட்பார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அங்கே ஊரில் இதெல்லாம் அவர் செய்ததாகத்தான் பேசிக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் வாங்கின ஓட்டில் கொஞ்சம் நான் நடந்த நடையாலும் வந்தது என்று நினைத்தால், அந்த 'ஏ' கொஞ்சம் மங்கின மாதிரி இருக்கும்.

அடுத்த தேர்தலில் மாகாண சபைக்கு ஜெயித்தார். அங்கே கூட்டணி அடிக்கடி மாறும் போலிருக்கிறது. அப்படி ஒரு மாற்றத்தில் இவருக்கு இணை மந்திரி பதவி வந்தது. கழுத்து நிறைய சாமந்தி மாலையோடு அவர் நிற்கும் போட்டோவை அவர் மனைவிதான் எனக்கு அனுப்பினாள். பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை, ஆனால் நிமிர்ந்து நின்றிருந்தாள்.

மந்திரியான சில மாதத்தில் அவர் சென்னைக்கு வந்தார். தொழிலதிபர்களைச் சந்தித்துத் தங்கள் மாகாணத்தில் தொழில் தொடங்க அழைக்கும் பயணம். எங்கள் முதலாளிக்கு அங்கே ஒரு மில் வைக்கும் யோசனை இருந்தது. அதனால் அவரை எங்கள் மில்லுக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் கோலம், பந்தல், பழத்தட்டு. அவர் கறுப்புத் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. அவரோடு இடுக்கி பிடித்தவர்களில் இரண்டு பேர் இன்னும் அங்கே வேலையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பந்தல் பக்கம் வர அனுமதி இல்லை, கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி சால்வை போர்த்தினார். அடுத்து காண்டிராக்டர் வந்தார். இப்போது அவர் பெரிய ஆள், நாலைந்து மில்லுக்கு ஆள் விடுகிறார். அவரும் ஒரு சால்வையைப் போர்த்தி, கையைப் பிடித்துக் குலுக்கி, "நைனா, நம்ம மில்லுப் புள்ள நீங்க" என்று சிரித்தார். போட்டோ எடுத்தார்கள். மந்திரியும் சிரித்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால், கை கழுவப் போகிற மாதிரி அவர் மட்டும் தனியாக டைம் ஆபீஸ் பக்கம் வந்தார். நான் எழுந்து நின்றேன். "வாங்க சார்" என்றேன்.

"இன்னாக்கா சாரு மோருன்னு. உக்காரு."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்த பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனிமேலும் பேசாமல் இருக்க எனக்குத் தெம்பில்லை.

"அன்னிக்கு உங்க மச்சான் பேர்ல நான்தான் ஏ போட்டேன். காண்டிராக்டர் சொன்னாருன்னு போட்டேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்கிட்ட பேசிக்கினு இருந்தீங்க?"

அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீ போட்டது ஒரு எழுத்து. நான் முழுக் கையெழுத்தே போட்டேன் அக்கா. அன்னிக்கு உன்கிட்ட கேட்டுட்டுப் போன பெறகு காண்டிராக்டர் ஒரு பேப்பர் கொண்டாந்தாரு. எனக்குத் தமிழ் படிக்க வராது, படிச்சுக் காட்டச் சொன்னேன். செத்தவரு வேலைக்கு வரல, என்னைப் பாக்க வந்தாரு, நான் தடுத்தும் கேக்காம கிட்டப் போனாருன்னு நானே சொல்ற மாதிரி எழுதியிருந்துது. போட்டா காலைலயே வண்டி. போடலன்னா கேஸு, பாடி எப்ப குடுப்பாங்கன்னு தெரியாதுன்னாரு. அவ வெளிய மண்ணுல உழுந்து கெடக்கறா. தம்பியை அம்மாகிட்ட கொண்டு போணும்னு கத்தறா. போட்டுட்டேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஊர்ல யாருக்குமே தெரியாது. யாருன்னு சொல்லாம, பேரை அழிச்சத மட்டும் சொன்னேன். நான் எழுதினதச் சொல்லல. மொதல்ல வெக்கமா இருந்துது, சொல்லல. பெறகு ஓட்டு வந்துடுச்சு, சொல்ல முடியல."

பந்தலிலிருந்து யாரோ அவரைத் தேடிக் கூப்பிட்டார்கள். அங்கே மில் வந்தால் ஊர் ஆட்கள் இவ்வளவு தூரம் வந்து சாக வேண்டாம், அதற்காகத்தான் இந்தச் சால்வையெல்லாம் என்றார். சொல்லிவிட்டு அதை மறுபடி போர்த்திக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்கு உள்ளே ஒரு ஆறுதல் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இத்தனை வருடம் நான் ஒருத்தி மட்டும் சுமந்ததாக நினைத்ததை இன்னொருவரும் சுமந்திருக்கிறார் என்ற ஆறுதல்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து மீன் அலசிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி போன் செய்தாள். வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை.

"அக்கா, ஃபேஸ்புக்ல ஒரு போட்டோ பாத்தேன். அந்தக் காண்டிராக்டர் எங்க ஊட்டுக்காரருக்குச் சால்வை போடறான். இவரு சிரிச்சுக்கினு நிக்கிறாரு. இன்னாக்கா இது?"

"மில் வைக்கற விஷயமா வந்தாரும்மா" என்றேன்.

"அத அவரும் சொன்னாரு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. என் தம்பி அன்னிக்கு வேலைக்கு வந்தான் இல்ல?"

"வந்தாரு. காலைல ஆறு மணிக்கு வந்தாரு. நான்தான் எழுதினேன். பிறகு நானே மாத்தி எழுதினேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "வரும்போது எப்படி இருந்தான்? ஒடம்பு சரியில்லாத மாதிரி இருந்தானா? அன்னிக்கு அவன் டீ கூடக் குடிக்கல" என்று கேட்டாள். அவள் தம்பி கதவருகே ஒடிசாக்காரர் ஒருவருக்கு வழிவிட்டு நின்றது எனக்கு நினைவிருந்தது, அதைச் சொன்னேன். அவள் அழுதாள். அழுகை நின்ற பிறகு கேட்டாள்.

"நீ மாத்தினது எங்க ஊட்டுக்காரருக்கு நெஜமாவே தெரியுமா, இல்ல சும்மா ஊர்ல பேசறதுக்குப் பேசறாரா?"

தெரியும் என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். ஒரு தடவை பொய் சொன்னவள், இரண்டாம் தடவை சொல்லக் கூடாது என்றுதான் சொன்னதாக அப்போது நினைத்தேன். இப்போது அது முழு உண்மை என்று தோன்றவில்லை. அவள் கோபத்தில் பாதி வேறு பக்கம் போகட்டும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்திருக்கிறது. அவள் போனை வைத்துவிட்டாள். மீன் தண்ணீரிலேயே கிடந்தது.

என்ன நடந்தது என்பது பத்துப் பதினைந்து நாள் கழித்து எங்கள் கேன்டீனில் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேபாள ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒரு போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் நன்றாகத் தமிழ் பேசுவார், மந்திரியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். என்ன என்று கேட்டேன். காட்டினார்.

வீடியோவில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மேடையில் மந்திரி. இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெயரைப் பதிவுசெய்ய ஓர் அலுவலகம் திறக்கிறார்களாம். வழக்கம் போல மச்சானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்து மேடையேறி மைக்கைக் கேட்டாள். அவரும், போட்டோவைக் காட்டத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "என் தம்பி அன்னிக்கு வேலைக்கு வந்தான்னு சொல்லுது... வந்தான்னு எழுதின டைம் ஆபீஸ் அம்மாவே வரலைன்னு மாத்தி எழுதினாங்களாம்... ஆனா வரலைன்னு கையெழுத்துப் போட்டது யாருன்னு கேக்குது... அது இவருதான்னு சொல்லுது. என் தம்பி மேலயே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு, அவன் பேரைச் சொல்லியே ஓட்டு கேட்டாரு, நானும் போட்டோவைத் தூக்கிக்கினு ஊர் ஊராப் போனேன்னு..." அவர் பாதியில் நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"டைம் ஆபீஸ் அம்மான்னா... அது நீங்க தானா?"

"ஆமா" என்றேன்.

போனில் மந்திரியின் மனைவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் தன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். மைக்கைப் பிடுங்க யாரோ வந்தபோது அவரே கை நீட்டித் தடுத்தார். அவளை முழுவதும் பேசவிட்டார்.

மறுநாளிலிருந்து நேபாள ஆட்கள் ஷிப்டுக்கு வந்ததும் என் ஜன்னலில் வரிசையாக நின்றார்கள். "காட்டும்மா" என்பார்கள். நான் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவேன். தங்கள் பெயருக்கு நேரே 'பி' இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சிலர் அதை போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

மந்திரி பதவி அந்த மாதமே போனது. கட்சிக் கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. சபையில் உறுப்பினராக மட்டும் காலம் முடியும்வரை இருக்கலாம், கடைசி வரிசையில் இருக்கிறாராம். அந்தப் பதிவு அலுவலகத்துக்குப் போட்ட பூட்டை இன்னும் திறக்கவில்லை. மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் முதலாளி அங்கே மில் வைக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டார்.

இங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் ஒரு மனு எழுதி, நடந்ததை ஒப்புக்கொண்டு மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அந்த வருஷத்து ரெஜிஸ்டர் எல்லாம் கரையான் அரிச்சுப் போச்சேம்மா, எத வெச்சுப் பேசறது?" என்று மேஜை டிராயரில் போட்டார். அதே மனுவைத் தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. காண்டிராக்டர் ஒரு நாள் ஜன்னலைக் கடந்து போகும்போது நின்று, "இன்னாம்மா, உன் பேரு ஃபாரின் வரைக்கும் போயிருக்காமே" என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இப்போது கையுறையும் பூட்ஸும் எண்ணிக் கொடுக்கிறேன்.

அவர் ஒரே ஒரு முறை போன் செய்தார். நான் வேலை முடிந்து அத்திப்பட்டு போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அங்கே என் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறது.

"அக்கா, நல்லா கீறியா?"

"இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

"ரூம்ல கீறேன். சபை நடக்கற ஊர்ல ஒரு ரூம். நானே சமைச்சுக்கறேன்."

"நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீ சொன்னது தப்பில்ல. நான் சொல்லியிருக்கணும். வண்டியிலயே சொல்லியிருக்கணும், மூணு நாள் இருந்துது. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அடுத்த ஊர்ல சொல்லலாம்னு நெனச்சேன்." பிறகு கேட்டார்: "அவ எப்படி கீறா அக்கா? உன்கிட்டயாவது பேசறாளா?"

அவள் என்னிடமும் பேசுவதில்லை. நான் போன் செய்தால் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. அதைச் சொன்னேன்.

"சரி" என்றார். பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் ஏறும்போதும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கும் சத்தம் கேட்டது. "வெச்சுடறேன் அக்கா, சாதம் ஆயிடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.